மணற்குழியில் விட்டுவந்த காலடி

கோல்ஃப் விளையாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. நம் ஊர்ப் பிள்ளைகள் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடி வளர்ந்தவர்கள். ஆயினும் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரியும் நம் சகோதரர்கள் பலருக்கு இவ்விளையாட்டு அலுவலகத்தின் வழியாக வந்து சேர்கிறது. 1988ஆம் ஆண்டு துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறக்கப்பட்டபோது, மத்திய கிழக்கில் முழுவதும் புல் வளர்த்து அமைக்கப்பட்ட முதல் போட்டித்தர மைதானமாக அது விளங்கியது. இன்று அங்கே மேலாளர் அழைத்ததால் செல்பவரும் உண்டு. விரும்பிச் செல்பவரும் உண்டு.

என்னிடம் முன்பு பாடம் படித்து, இப்போது அங்கே பொறியாளராக இருக்கும் மாணவர் ஒருவர் கோல்ஃப் விதிநூலை எனக்கு அனுப்பி, "உஸ்தாத், பந்தை அடிப்பதுகூடப் பழகிவிடும் போலிருக்கிறது, மணலிலும் தண்ணீரிலும் விழுந்தால் எது கூடும், எது கூடாது என்பதுதான் விளங்கவில்லை" என்று எழுதியிருந்தார். சட்ட நூல்களை வாசிப்பதும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் அன்றாட வேலை ஆதலால், உட்கார்ந்து வாசித்தேன். வாசித்தபின் எனக்குத் தோன்றிய கருத்து ஒன்றுண்டு. புதியவர்களுக்கு இவ்விளையாட்டைக் கற்பிப்போர் தண்டனை உள்ள விதிகளை முதலில் சொல்கிறார்கள். தண்டனை இல்லாத கடமையைக் கடைசியில், நேரம் இருந்தால் சொல்கிறார்கள். இவ்வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு முன் விதிகள் எவை என்பதைக் கண்டுவிடுவோம்; அவற்றை அறியாமல் வாதம் விளங்காது.

கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரருக்கு இடர் விளைவிப்பதற்கென்றே இரு வகை இடங்கள் உண்டு. ஒன்று, பங்கர் எனப்படும் மணற்குழி. மற்றொன்று குளம், ஓடை, நீர்நிலை முதலியன. ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் இவ்விளையாட்டு வளர்ந்தமையால் மணலும் நீரும் தொடக்கத்திலிருந்தே அதனுடன் வந்தவை. எடின்பரோவுக்கு அருகிலுள்ள லீத் என்னுமிடத்தில் 1744இல் எழுதப்பட்ட 13 விதிகளே இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள். பந்து நீரில் விழுந்தால் அதை எடுத்துப் பின்னால் கொணர்ந்து வைத்து ஆடலாம், எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 280 ஆண்டுகள் கடந்தும் அந்த ஓர் அடி மாறவில்லை என்பது எனக்கு வியப்பளித்தது. சட்டம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறதோ அவ்வளவு நீண்ட நாள் வாழும் போலும்!

2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் விதிகள் பெரிதும் திருத்தப்பட்டன. நீர்நிலைகளுக்கு இருந்த பழைய பெயர் நீக்கப்பட்டு, பெனால்டி ஏரியா என்னும் பெயர் வந்தது. சிவப்பு அல்லது மஞ்சள் நிறக் கழிகளாலோ கோடுகளாலோ அதன் எல்லை குறிக்கப்படும். உள்ளே கிடக்கும் பந்தை அப்படியே அடிக்க இயலுமானால் அடிக்கலாம். அதற்குத் தண்டம் கிடையாது. மட்டையைத் தரையிலும் நீரிலும் ஊன்றலாம். சருகு, கல், குச்சி முதலியவற்றை அப்புறப்படுத்தலாம். முன்பு இவை தடுக்கப்பட்டிருந்தன. அடிக்க இயலாவிட்டால் ஓர் அடித் தண்டத்துடன் வெளியே வரலாம். மஞ்சள் எல்லையானால் வழிகள் இரண்டு: முன்பு அடித்த இடத்திற்கே திரும்புவது, அல்லது பந்து எல்லையைக் கடந்த புள்ளியும் கொடிக்கம்பமும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு நீர்நிலைக்குப் பின்னால் சென்று ஆடுவது. சிவப்பு எல்லையானால் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: பந்து எல்லையைக் கடந்த புள்ளியிலிருந்து இரு மட்டை நீளத்துக்குள், குழியை மேலும் நெருங்காத இடத்தில் பந்தை விட்டு ஆடலாம். பந்தைக் கையிலிருந்து விடவேண்டியது முழங்கால் உயரத்திலிருந்து. முன்பு தோள் உயரமாக இருந்தது. பழைய ஆட்டக்காரர் எவராவது தோளிலிருந்து விடச் சொன்னால் மரியாதையுடன் மறுத்துவிடுங்கள்.

மணற்குழியின் சட்டம் சற்று நுட்பமானது. அங்கே சோதனையே மணல்தான். மணல் இறுகியிருக்கிறதா, நெகிழ்ந்திருக்கிறதா என்பதைத் தொட்டறிந்துவிட்டால் சோதனையின் பாதி போய்விடுகிறது. எனவே கையாலோ மட்டையாலோ வேறு கருவியாலோ மணலைச் சோதிக்கக் கூடாது. பந்துக்கு நேர் முன்னும் பின்னும் மட்டையால் மணலைத் தொடக்கூடாது. பயிற்சிக்காக வீசிப் பார்க்கையிலும், அடிப்பதற்காக மட்டையைப் பின்னோக்கி எடுக்கையிலும் மணலில் படக்கூடாது. பட்டால், அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டம். இருவர் குழிக்குக் குழி மோதும் ஆட்டத்தில் அந்தக் குழியே தோல்வி.

அனுமதிக்கப்பட்டவற்றையும் சொல்லிவிட வேண்டும். தடுக்கப்பட்டதை மட்டும் சொல்லி அனுமதியை மறைக்கும் ஆசிரியர் மாணவரை அச்சத்திலேயே வைத்திருப்பார். காலைப் புதைத்து உறுதியாக நிற்கலாம். சருகையும் கல்லையும் எடுக்கலாம். ஆனால் எடுக்கும்போது பந்து நகர்ந்துவிட்டால் ஓர் அடித் தண்டம். பந்தைப் பழைய இடத்திலேயே திரும்ப வைக்கவும் வேண்டும். மட்டைகளைக் குழியினுள் கிடத்தலாம். ஓய்வுக்காக மட்டையில் சாயலாம். தடுமாறி விழுந்து கை பட்டால் குற்றமில்லை. அடி தவறிய எரிச்சலில் மணலைக் குத்தினாலும் தண்டமில்லை என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது! விதியை எழுதியவர்கள் மனித இயல்பை அறிந்தவர்களே. பந்து குழியை விட்டு வெளியேறிய பின் மணலைத் தொடுவதில் தடை எதுவும் இல்லை.

இனி, இவ்விதிகளை யார் காவல் காப்பது? வார இறுதியில் நண்பர் நால்வர் ஆடும் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. மட்டை மணலில் உரசியதை உடன் ஆடுபவர் முப்பது அடி தொலைவிலிருந்து காண இயலாது. ஆடியவரே சொன்னால்தான் உண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவில் நடந்த போட்டியில் இங்கிலாந்து வீரர் பிரையன் டேவிஸ், ஜிம் ஃபியூரிக்குடன் சமநிலை எய்தி, வெற்றியைத் தீர்மானிக்கும் கூடுதல் குழியை ஆடினார். அவரது பந்து கடற்கரையோர இடர்ப்பகுதியில் கிடந்தது. மட்டையைப் பின்னோக்கி எடுக்கையில் அறுந்து கிடந்த நாணல் தண்டு ஒன்று அசைந்ததைத் தம் ஓரக்கண்ணால் கண்டதாக அவரே அதிகாரியை அழைத்துச் சொன்னார். ஒளிப்பதிவைப் பார்த்து அது உறுதி செய்யப்பட்டது. இரண்டு அடி தண்டம். போட்டி ஃபியூரிக்குக்குச் சென்றது. அமெரிக்கச் சுற்றில் டேவிஸ் ஒரு போட்டியைக்கூட அதுவரை வென்றிருக்கவில்லை.

2019இன் திருத்தத்திற்குப் பின் அதே நாணல் தண்டு அசைந்தால் தண்டமே கிடையாது. அப்படியானால் டேவிஸ் வீணாகத் தோற்றாரா? இக்கேள்வியை என் மாணவரும் எழுப்பினார். அன்று எது சட்டமோ அதற்கே அவர் கட்டுப்பட்டவர். நாளை சட்டம் தளரக்கூடும் என்பது இன்று மறைப்பதற்குக் காரணமாகாது என்று பதில் எழுதினேன். விதிநூலில் இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டக்காரர் இருவர் தமக்குள் பேசி, தெரிந்த ஒரு தண்டத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று உடன்பட்டால் இருவரும் ஆட்டத்திலிருந்தே நீக்கப்படுவர். ஆகவே "பரவாயில்லை விடுங்கள், நான் பார்க்கவில்லை" என்று பெருந்தன்மை காட்டும் நண்பர் உண்மையில் நம்மைத் தம்முடன் சேர்த்து விழவைக்கிறார்.

தண்ணீரின் ஓரத்தில் வரும் சோதனை இதனினும் மறைவானது. பந்து குளத்தின் பக்கம் சென்றது, கரையில் உயர்ந்த புல்லும் இருக்கிறது, தேடியும் கிடைக்கவில்லை. தேடுவதற்குரிய நேரம் மூன்று நிமிடங்கள் மட்டுமே. குளத்தில்தான் விழுந்தது என்று சொன்னால் ஓர் அடியுடன் அருகிலேயே ஆடலாம். புல்லில் தொலைந்தது என்றால் ஓர் அடித் தண்டத்துடன் முன்பு அடித்த இடத்திற்கே நடந்து திரும்ப வேண்டும். நா எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நீரில் விழுந்தது தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறத்தாழ உறுதியாக இருக்க வேண்டும் என்கிறது விதி. 'ஏறத்தாழ உறுதி' என்றால் 95 விழுக்காடு என்று விளக்கமும் தருகிறது. ஃபிக்ஹு பாடத்தில் யகீன், ளன், ஷக் என்று பிரித்துப் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் ஆசிரியர் தேவைப்படமாட்டார். வேறெங்கும் காணோம், ஆகவே நீரில்தான் இருக்கும் என்பது உறுதியன்று, அது விருப்பம். நீர் தெறித்ததைக் கண்டோமா, கரையில் பந்து ஒளிந்துகொள்ள இடமே இல்லையா என்பவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் தண்டனை உள்ள விதிகள். தண்டனை இல்லாத கடமைக்கு இப்போது வருகிறேன்.

மணற்குழியில் இறங்கி ஆடியவர் தம் காலடித் தடங்களையும் மட்டை தோண்டிய பள்ளத்தையும் சமன் செய்துவிட்டு வரவேண்டும். அதற்காகவே பற்கள் கொண்ட நீண்ட பிடியுள்ள ரேக் ஒன்றை அருகில் வைத்திருப்பார்கள். மைதானத்தைப் பேணி நடக்கவேண்டும் என்று விதிநூல் தன் முதற்பகுதியிலேயே சொல்கிறது. சொல்லிவிட்டு, சமன் செய்யாதவருக்கு அடித் தண்டம் ஏதும் விதிக்காமல் விட்டுவிடுகிறது. கழகம் விரும்பினால் தன் நடத்தை விதிகளில் தண்டம் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. எவரும் காணாமல் அப்படியே வந்துவிட்டால் எழுதப்படும் எண்ணிக்கையில் ஒன்றும் கூடாது.

அதன் விளைவு யார்மீது விழுகிறது என்பதைப் பாருங்கள். அரைமணி நேரம் கழித்து முகமறியாத ஒருவரின் பந்து உருண்டு வந்து நம் குதிகால் பள்ளத்தில் இறங்குகிறது. அவருக்கு நிவாரணம் எதுவும் இல்லை. பந்தை நகர்த்தக் கூடாது, தடத்தை நிரப்பக் கூடாது, கிடந்தபடியே ஆடவேண்டும். அவரது பந்து வந்து நின்றபின் வேறொருவர் மிதித்துக் கெடுத்திருந்தால் பழையபடி சீர்செய்து கொள்ள விதி இடம் தருகிறது. பந்து வருமுன்பே இருந்த தடத்திற்கு அந்த இடமும் இல்லை. எளிதாக ஒரே அடியில் வெளியேறியிருக்க வேண்டியவர் இரண்டு மூன்று அடி இழக்கக்கூடும். இழக்கச் செய்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. செய்தவருக்கும் தாம் செய்தது தெரியாது. மன்னிப்புக் கேட்க முகவரி கிடையாது.

மட்டையின் நுனி மணலில் மெல்ல உரசினால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை; தண்டமோ இரண்டு அடி. காலடியை விட்டுவந்தால் பிறருக்கு நட்டம், தண்டமோ ஒன்றுமில்லை. தண்டத்தின் அளவை வைத்துக் குற்றத்தின் அளவைக் கணிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது, பெரியவர்களிடமும் இருக்கிறது. ஆகையால்தான் புதியவருக்கு முதல்நாளே ரேக்கைக் கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன். மட்டையை உயர்த்திப் பிடிக்கும் நுட்பத்தை இரண்டாம் நாள் கற்றுக்கொள்ளட்டும்.

காலடித் தடம் எவ்வளவு பெரிய குழப்பத்தை விளைவிக்கும் என்பதற்கு 2010ஆம் ஆண்டே இன்னொரு சான்றையும் தந்தது. ஆகஸ்ட் மாதம் விஸ்கான்சின் மாநிலத்தின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன் ஓர் அடி முன்னணியில் இருந்தார். அவர் அடித்த பந்து பார்வையாளர் கூட்டத்திற்குள் சென்று மணற்பாங்கான இடத்தில் நின்றது. நாட்கணக்கில் மக்கள் நின்று மிதித்த இடம். அது மணற்குழி என்றே அவருக்குத் தோன்றவில்லை. மட்டையை ஊன்றினார். அம்மைதானத்தில் கூட்டம் மிதித்த மணற்குழிகளும் மணற்குழிகளே என்னும் அறிவிப்பு முன்னதாகவே ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு அடி தண்டம் சேர்ந்தது. சமநிலையில் இருந்தோர் ஆடும் கூடுதல் ஆட்டத்தில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. மார்ட்டின் கைமர் பட்டத்தை வென்றார். அறிவிப்பைப் படிக்காதது ஜான்சனின் பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மணற்குழிகளைப் பார்வையாளர்கள் மிதிக்கவிட்டுவிட்டு, ஆட்டக்காரர் மட்டும் அதை மணற்குழியாக அறிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்ததையும் நான் நல்ல ஏற்பாடு என்று சொல்லமாட்டேன்.

"கேடி இருக்கிறாரே, அவர் வாரிவிடுவார்" என்பது ஆசிய நாடுகளில் கேட்கும் பதில். மட்டைப் பையைச் சுமந்து உடன்வரும் அந்தப் பணியாளருக்கு அது வேலையின் ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனாலும் தொடக்க மாதங்களில் புதியவர் தாமே வாருவதுதான் நல்லது. தாம் எத்தனை காலடி வைத்தோம், எவ்வளவு மணலைத் தோண்டினோம் என்பதை வாருபவர் மட்டுமே அறிவார். கட்டணம் செலுத்தித்தானே ஆடுகிறோம் என்பாருக்கும் ஒரு சொல்: அந்தக் கட்டணத்தை நமக்குப் பின்னால் வருபவரும் செலுத்தியிருக்கிறார்.

செய்முறை எளிது. குழியின் தாழ்வான ஓரத்தில், பந்துக்கு மிக அருகிலுள்ள வழியாக இறங்குங்கள். செங்குத்தான பக்கத்திலிருந்து குதித்தால் ஓரம் சரியும். அதை ரேக்கால் சரிசெய்ய இயலாது. ரேக்கை உடன் எடுத்துச் சென்று பக்கத்தில் கிடத்துங்கள், அது விதிமீறலன்று. பந்து வெளியேறிய பின், வந்த வழியே பின்னோக்கி நடந்தபடி வாரிக்கொண்டு வாருங்கள். மணலை முழுவதும் ஓரத்திற்கு இழுத்துக் குவிக்காமல், பள்ளத்தை நோக்கித் தள்ளி நிரப்ப வேண்டும். பக்கத்தில் பிறர் விட்ட தடம் இருந்தால் அதையும் சேர்த்து வாருவதால் குறைந்துவிடப் போவதில்லை. ரேக்கை எங்கே வைப்பது என்பது கழகத்திற்குக் கழகம் மாறும். பற்கள் கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்பது மட்டும் எங்கும் மாறாது. மிதிப்பவர் காலை நினைத்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் நேரமாகுமே, பின்னால் வருபவர் காத்திருப்பாரே என்னும் மறுப்பு ஒன்றுதான் எனக்கு எடையுள்ளதாகத் தோன்றுகிறது. புதியவர்கள் மணற்குழியில் நேரத்தை விழுங்குவது உண்மை. ஆனால் விழுங்குவது வாருவதன்று. ஐந்தாறு முறை அடித்தும் பந்து வெளியேறாமல் நிற்பதுதான். தேர்ந்தவருக்கும் இது நேர்ந்ததுண்டு. 1978ஆம் ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓபன் போட்டியில் ஜப்பானிய வீரர் டாமி நகாஜிமா, 17ஆம் குழியின் புகழ்பெற்ற மணற்பள்ளத்தில் சிக்கி, வெளியேறுவதற்கே நான்கு அடிகள் எடுத்துக்கொண்டார். அதே மைதானத்தில் 2000ஆம் ஆண்டு டைகர் உட்ஸ் நான்கு நாட்களும் ஒரு மணற்குழியிலும் விழாமல் ஆடி வென்றார். நாம் முன்னவரின் இனத்தைச் சேர்ந்தவர்கள் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

ஆகவே புதியவர் அறியவேண்டிய ஒரு சலுகையைச் சொல்லிவிடுகிறேன். பலருக்கு இது தெரிவதில்லை. மணற்குழியில் கிடக்கும் பந்தை ஆட இயலாதது என்று ஆட்டக்காரரே அறிவித்துவிடலாம். ஓர் அடித் தண்டத்துடன் குழிக்குள்ளேயே வேறிடத்தில் விட்டு ஆடலாம், அல்லது முன்பு அடித்த இடத்திற்குத் திரும்பலாம். 2019 முதல், இரண்டு அடித் தண்டம் ஏற்றால் கொடிக்கும் பந்துக்குமான நேர்கோட்டில் பின்னோக்கிச் சென்று மணற்குழிக்கு வெளியிலேயே விட்டு ஆடலாம். மணலில் ஆறு முறை தோண்டுவதைவிட இரண்டு அடி மலிவானது. பின்னால் காத்திருப்போருக்கும் அது உதவி. நட்புக்காக ஆடும் ஆட்டமானால் மூன்று முயற்சிக்குப் பின் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்துவிடலாம். யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். அப்போதும் வாரிவிட்டுத்தான் நடக்கவேண்டும்.

மாணவர் கடைசியாகக் கேட்டிருந்தது, ரேக்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது. 2020இல் கொரோனா தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் பலர் கைபடும் பொருள் என்று ரேக்குகளை அகற்றிவிட்டார்கள்; ஆட்டம் நின்றுவிடவில்லை. பந்து வெளியேறியபின் காலணியின் பக்கவாட்டாலும் மட்டையின் பின்புறத்தாலும் மணலைத் தள்ளி நிரவிவிடுங்கள். ரேக் வாரியது போல வரிவரியாக அமையாது. குதிகால் பள்ளம் மூடிவிடும்.